புனிதர் நின்ற இடத்தில்

அன்புள்ள ஐயா,

லித்துவேனிய மரச்சிற்பங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் படங்களைத் தேடிப் பார்த்தேன். எல்லாமே கூரை போட்ட மரத்தூண்கள், கன்னத்தில் கைவைத்த கிறிஸ்து. அழகுதான். ஆனால் பழைய கைத்தொழிலின் நகல்தானே? இதை எப்படி நவீன சிற்பம் என்கிறீர்கள்?

எம்.

அன்புள்ள எம்.,

நீங்கள் பார்த்தவற்றில் பல நகலாகத்தான் இருக்கும். நினைவுப்பொருள் கடைகளில் விற்கும் அந்தச் சோகக் கிறிஸ்துவுக்காக (அவர்கள் ரூபின்தோயேலிஸ் என்பார்கள்) நான் வாதாட வரவில்லை.

மரபு என்னவோ எளிமையானது. சாலையோரத்திலோ வீட்டு முற்றத்திலோ ஓக் தூண் நட்டு, உச்சியில் சின்னக் கூரை வேய்ந்து, அதனடியில் ஒரு புனிதரை வைப்பார்கள். கூரைமேல் இரும்புச் சிலுவை, அதைச் சுற்றிச் சூரியக் கதிர்கள். ரஷ்ய ஆட்சிக்கு எதிரான 1863 கிளர்ச்சிக்குப் பிறகு ஜார் அரசு சிலுவை நடத் தடை போட்டும் இது ஒழியவில்லை. பண்ணை பண்ணையாக அலைந்து செதுக்கிய வின்ட்சஸ் ஸ்விர்ஸ்கிஸ் (1835–1916) சிலுவையையும் உருவங்களையும் ஒரே மரத்தில் எடுத்தார். அவருடைய உருவங்கள் தடித்துப் புடைத்துச் சிலுவையையே அமுக்கிவிடும். நகல் எடுக்கிறவர் செய்கிற காரியமா இது?

சரி, அப்லிங்கா என்ற லித்துவேனியக் கிராமத்துக்கு வருவோம். 1941 ஜூன் 23 அன்று ஜெர்மன் படையினர் அந்தக் கிராமத்திலும் பக்கத்து ஜ்வாகினியாயிலும் 42 பேரைக் கொன்று வீடுகளைக் கொளுத்தினார்கள். 1972இல் நாட்டுப்புறச் சிற்பிகள் அங்கே 30 ஓக் சிற்பங்களை நட்டார்கள். அது சோவியத் காலம். சியாவுலியாய் நகருக்கு அருகே மக்கள் சிலுவைகளாக நட்டுவைத்திருந்த சிலுவைக் குன்றை 1961இல் புல்டோசர் விட்டுத் தரைமட்டமாக்கிய ஆட்சி. சிலுவை வைக்க வழியில்லை. ஆகவே தூணை வைத்துக்கொண்டு புனிதரை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்துக்குக் கொல்லப்பட்ட விவசாயிகள் வந்தார்கள். கூரைக்கு அடியில் பொம்மை அளவில் அல்ல. முழு மரமும் அவர்கள்தான், ஆளுயரத்தையும் தாண்டி நிற்கிறார்கள். அதிகாரிக்கு அது பாசிச எதிர்ப்பு நினைவகம். சாலையோரத் தூணைப் பார்த்தே வளர்ந்தவருக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வடிவம் பழையது, அதற்குள் யார் நிற்கலாம் என்ற முடிவு புதியது. நவீனம் என்று நான் சொன்னது அதைத்தான். 1975இல் ஓவியரும் இசையமைப்பாளருமான சியூர்லியோனிஸின் பிறந்த நூற்றாண்டுக்காக வரேனா–துருஸ்கினின்கை சாலையில் நட்ட தூண்களும் இதே வகைதான். ஆனால் எனக்கு அவை கொஞ்சம் அலங்காரமாகப் படுகின்றன.

மறுபடி படம் தேடுவதானால் அப்லிங்காவில் தொடங்குங்கள். அப்புறம் ஸ்விர்ஸ்கிஸ்.