ஒளியிடம் அளவுகோல் கிடையாது: மின்காந்தவியலின் கன்ஃபார்மல் சீர்மை பற்றிய கேள்வி பதில்

கேள்வி: கன்ஃபார்மல் சீர்மை என்றால் என்ன? கொஞ்சம் எளிமையாகச் சொல்ல முடியுமா?

பதில்: காலவெளியை இழுக்கலாம், சுருக்கலாம். இழுக்கும் மடங்கு இடத்துக்கு இடம் மாறவும் செய்யலாம். ஒரே நிபந்தனை, கோணங்கள் மாறக்கூடாது; ஒளிக்கூம்பு (ஒரு புள்ளியிலிருந்து ஒளி போகும் பாதைகள் எல்லாம் சேர்ந்தது) ஒளிக்கூம்பாகவே இருக்க வேண்டும். வெற்றிடத்தில் மேக்ஸ்வெல் சமன்பாடுகளின், அதாவது மின்புலமும் காந்தப்புலமும் பின்பற்றும் விதிகளின், ஒரு தீர்வை இப்படி மாற்றினால், கிடைப்பதும் ஒரு தீர்வுதான். இப்படிச் சார்பற்ற மாற்றங்கள் எத்தனை என்று எண்ணுவோம். இடப்பெயர்ச்சி, சுழற்சி, லோரென்ட்ஸ் மாற்றம் (சீரான வேகத்தில் நகரும் பார்வையாளருக்கு மாறுவது) எல்லாம் சேர்ந்து 10. எல்லாவற்றையும் ஒரே மடங்கில் பெருக்குவது 1. 'சிறப்புக் கன்ஃபார்மல்' மாற்றங்கள் 4. ஆக 15. இதைக் கணிதவியலாளர்களான கன்னிங்காமும் பேட்மனும் 1909, 1910 ஆண்டுகளிலேயே கண்டுவிட்டார்கள். சிறப்புச் சார்பியல் வந்து ஐந்து வருடம்கூட ஆகவில்லை! எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

கேள்வி: ஒரே மடங்கில் பெருக்குவதை நடைமுறையில் எங்காவது பார்க்க முடியுமா?

பதில்: ஆன்டெனா வடிவமைப்பவர்கள் தினமும் பார்க்கிறார்கள். பெரிய ஆன்டெனாவுக்குப் பத்தில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்து, அதிர்வெண்ணைப் பத்து மடங்கு உயர்த்தினால், கதிர்வீச்சு எந்தத் திசையில் எவ்வளவு போகிறது என்ற படம் அப்படியே வரும். (உலோகத்தின் மின்கடத்துதிறன் மட்டும் கொஞ்சம் தொல்லை கொடுக்கும்.)

கேள்வி: அந்த மற்ற நான்கு மாற்றங்கள்தான் புரியவே இல்லை.

பதில்: மூன்று படியாகப் பாருங்கள். முதலில் தலைகீழாக்கம்: ஒவ்வொரு புள்ளியையும், அது ஆதிப்புள்ளியிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்தால் வகுப்பது. அப்புறம் ஒரு நகர்த்தல். அப்புறம் மறுபடி தலைகீழாக்கம். அவ்வளவுதான்.

நிலைமின்னியலில் இதன் தம்பியை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். 10 செ.மீ. ஆரமுள்ள, நிலத்துடன் இணைத்த உலோகக் கோளத்தின் மையத்திலிருந்து 20 செ.மீ. தள்ளி ஒரு மின்னூட்டம் இருக்கிறது. அதன் பிம்ப மின்னூட்டம் (கோளத்துக்குப் பதிலாகக் கணக்கில் வைக்கும் கற்பனை மின்னூட்டம்) மையத்திலிருந்து 100/20 = 5 செ.மீ. தூரத்தில், பாதி அளவில், எதிர்க்குறியோடு உட்கார்ந்திருக்கும். 1840களில் வில்லியம் தாம்சன், பிற்காலக் கெல்வின் பிரபு, செய்த தலைகீழாக்கம்தான் இது.

நேரத்தையும் சேர்த்துக்கொண்டால் விஷயம் இன்னும் அழகு. சும்மா நிற்கும் துகளின் பாதை காலவெளியில் ஒரு நேர்கோடு. சிறப்புக் கன்ஃபார்மல் மாற்றம் அந்தக் கோட்டை அதிபரவளையமாக வளைத்துவிடும். அதாவது, துகள் சீரான முடுக்கத்தில் போவதாகத் தெரியும்.

கேள்வி: அப்படியானால் முடுக்கமும் சார்பானது என்று சொல்லிவிடலாமா?

பதில்: முடியாது. புலச் சமன்பாடுகள் ஒத்துக்கொள்ளும், துகள் ஒத்துக்கொள்ளாது. காரணம் நிறை. எலெக்ட்ரானுக்கு நிறை இருப்பதால் அதற்கென்று ஒரு நீளம் உண்டு: காம்ப்டன் அலைநீளம், சுமார் 2.4 பிகோமீட்டர். ஹைட்ரஜன் அணுவின் அளவும் அந்த நிறையால்தான் நிர்ணயமாகிறது. இரண்டு மடங்கு பெரிய ஹைட்ரஜன் அணுவை யாரும் செய்ய முடியாது. இரண்டு மடங்கு நீளமான ஒளி அலையோ தாராளமாக உண்டு. நம் அளவுகோலும் கடிகாரமும் அணுக்களால் ஆனவை, அதனால் முடுக்கத்தை நாம் உணர்ந்தே தீருவோம்.

கேள்வி: இந்தச் சீர்மை நான்கு பரிமாணத்தில் மட்டும் என்கிறார்களே, ஏன்?

பதில்: இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. தாளில் போட்டுப் பாருங்கள், இரண்டு வரிக் கணக்கு. மெட்ரிக்கை, அதாவது காலவெளியில் தூரத்தை அளக்கும் விதியை, ஒவ்வொரு புள்ளியிலும் Ω² மடங்காக்குங்கள். n பரிமாணத்தில் கனஅளவு Ωⁿ மடங்காகும். மின்காந்தச் செயலில் (action, புலச் சமன்பாடுகள் பிறக்கும் கோவை) புலம் இரண்டு முறை வருகிறது; அதன் குறியீடுகளை மேலேற்ற இரண்டு நேர்மாறு மெட்ரிக்குகள் வேண்டும். ஒவ்வொன்றும் 1/Ω² தரும், மொத்தம் 1/Ω⁴. மீதி நிற்பது Ω-வின் (n − 4) அடுக்கு. n = 4 என்றால் Ω தடயமே இல்லாமல் மறைந்துவிடும், புலத்தைத் தொடக்கூட வேண்டாம்.

மற்றப் பரிமாணங்களில் Ω ஒரு மாறிலி என்றால் தப்பிக்கலாம்; மிச்சக் காரணியைப் புலத்துக்குள் கரைத்துவிடலாம். Ω இடத்துக்கு இடம் மாறினால் வகைக்கெழு அதைப் பிடித்துக்கொள்ளும், கரைக்க முடியாது. அதாவது அளவுச் சீர்மை தங்கும், முழுக் கன்ஃபார்மல் சீர்மை போய்விடும். இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

கேள்வி: கல்லூரியில் சிக்கலெண் தளத்தில் படித்த கன்ஃபார்மல் வரைதலும் இதுவும் ஒன்றா?

பதில்: கருத்து ஒன்று, வளம் வேறு. இரு பரிமாணத்தில் அத்தகைய வரைதல்கள் எண்ணற்றவை. மூன்றும் அதற்கு மேலும் போனால் விரல்விட்டு எண்ணும் வகைகளே மிஞ்சும் என்பது லியூவில் தேற்றம்.

கேள்வி: அளந்து பார்க்கக்கூடிய விளைவு ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. ஆற்றல்-உந்த டென்சரின் (ஆற்றல் அடர்த்தி, அழுத்தம் முதலியவற்றை அடுக்கிய அட்டவணை) மூலைவிட்டக் கூட்டுத்தொகை சுழியாகிறது. ஒளி நிறைந்த பெட்டியில் அழுத்தம் சரியாக ஆற்றல் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்காக இருப்பது இதனால்தான்.

அண்டமும் ஒரு சாட்சி. விரியும் அண்டத்தின் மெட்ரிக், தட்டையான காலவெளியை நேரத்துக்கேற்ப இழுத்ததுதான். ஒளிக்கு அந்த இழுப்பு தெரியாது, அலைநீளம் மட்டும் கூடவே நீளும். சுமார் 3000 கெல்வினில் கிளம்பிய கரும்பொருள் கதிர்வீச்சு (வெப்பநிலை மட்டுமே வடிவத்தைத் தீர்மானிக்கும் கதிர்வீச்சு), ஏறக்குறைய 1100 மடங்கு நீண்டு, இன்று 2.725 கெல்வினில் அதே கரும்பொருள் வடிவம் குலையாமல் நம்மிடம் வந்து சேர்கிறது.

கேள்வி: குவாண்டம் இயற்பியலிலும் இது நிலைக்குமா?

பதில்: தனியாக இருக்கும் ஒளிக்கு நிலைக்கும். மின்னூட்டத் துகள்களோடு சேர்ந்தால் உடையும், அந்தத் துகள்களுக்கு நிறையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் உடையும். இடைவினையின் வலிமை ஆற்றலோடு மாறுகிறது: குறைந்த ஆற்றலில் ஏறக்குறைய 1/137, இசட் போசான் என்ற கனமான துகளின் நிறைக்குச் சமமான ஆற்றலில் சுமார் 1/128. வலிமை ஆற்றலைப் பொறுத்தது என்றாலே ஓர் அளவுகோல் உள்ளே நுழைந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.