குளிர் குறையும் முன்பே பகல் நீளத் தொடங்கிவிடுகிறது

"வாழ்க்கையில் காலம் மாறிக்கொண்டே இருக்கிறது. கெட்ட காலத்தில் நம்பிக்கையும் பொறுமையும் எங்கிருந்து வரும்? ஆன்மீக வளர்ச்சி என்பது உண்மையிலேயே நடக்கிற ஒன்றா? 'இதுவும் கடந்து போகும்' என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொல்லமாட்டேன். எனக்கும் அந்த வாக்கியத்தைக் கண்டால் ஆகாது. அதைச் சொல்கிறவர் பெரும்பாலும் கரையில் நிற்பவர். போதாததற்கு அது பாதிதான் உண்மை. மழைக்காலம் போனால் அடுத்த வருடம் மறுபடி வரும். இறந்துபோனவர் வரமாட்டார். இளமையில் கைவிட்ட படிப்பு, நழுவிப்போன உறவு, இவையெல்லாம் சுற்றி வந்து கதவைத் தட்டும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. இயற்கையின் பருவங்கள் வட்டமாகச் சுற்றுகின்றன. நம் வயது ஒரே திசையில் போகிறது. அதனால் வாழ்க்கையைப் பருவங்களோடு ஒப்பிடுவதை ஓரளவுக்கு மேல் நான் நம்புவதில்லை. ஆனால் அந்த ஓரளவுக்குள் மிகவும் பயனுள்ள ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதில்.

வடக்கு அரைக்கோளத்தில் வருடத்தின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22ல் வருகிறது. அதற்குப் பிறகு பகல் கொஞ்சம் கொஞ்சமாக நீளும். வெளிச்சக் கணக்குப்படி பார்த்தால் திருப்பம் அன்றே நடந்து முடிந்துவிட்டது. ஆனால் குளிர் அன்றோடு குறையத் தொடங்குவதில்லை. பெரும்பாலான இடங்களில் அதன் உச்சம் ஜனவரியில்தான். காரணம் எளிது. நிலமும் கடலும் சேர்த்துவைத்த வெப்பத்தை மெதுவாகத்தான் இழக்கின்றன. சூரியனிடமிருந்து வருவது கூடிக்கொண்டே இருந்தாலும், வரவை விடச் செலவு அதிகமாக இருக்கும் வரை குளிர் ஏறத்தான் செய்யும். ஜனவரி நடுவில் நின்றுகொண்டு ஒருவர் "நாளுக்கு நாள் மோசமாகிறது" என்று சொன்னால், அவர் உடம்பு பொய் சொல்லவில்லை. ஆனால் திசை மாறிச் சில வாரங்கள் ஆகிவிட்டன. அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

திருப்பம் நடக்கும் நேரமும் அதை நாம் உணரும் நேரமும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. என்னைக் கேட்டால் பொறுமை என்பதன் வேலை முழுக்க அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு வேகம் குறையும், ஆனால் நின்றுவிடாது என்று மருத்துவர் முதலிலேயே சொல்லியிருந்தார். சொன்னபடியே கால் சீக்கிரம் தேறியது. கை அப்படியே கிடந்தது. கொஞ்ச நாளில் தசை இறுகி, விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டன.

மூடிய அந்தக் கையைத் திறப்பது தினமும் காலையில் என் வேலை. விரல் நுனியைப் பிடித்து நேராக இழுத்தால் இன்னும் இறுகும், அவருக்கும் வலிக்கும். மணிக்கட்டை லேசாக உள்பக்கம் மடக்கிக்கொண்டு, கட்டைவிரலை அடியில் பிடித்து முதலில் வெளியே கொண்டுவர வேண்டும். அப்படியே பிடித்தபடி காத்திருந்தால் மற்ற விரல்கள் ஒவ்வொன்றாகத் தளரும். உள்ளே ஈரமாக இருக்கும், நகம் பதிந்த தடம் சிவப்பாகத் தெரியும். துடைத்துவிட்டு, சின்னத் துணியைச் சுருட்டி உள்ளே வைத்துவிடுவேன். அவசரம் இருக்கிற நாளில் அந்தக் கைக்கு எப்படியோ தெரிந்துவிடும். என் பதற்றம் அவருக்கும் தொற்றி, திறக்க இரண்டு மடங்கு நேரம் ஆகும். பொறுமையைப் பற்றி எவ்வளவோ கேட்டிருக்கிறேன், படித்திருக்கிறேன். எனக்குள் அது இறங்கியது அந்தக் கட்டைவிரல் வழியாகத்தான்.

அப்பாவின் கவலை வேறு. பயிற்சி கொடுக்க வருகிறவரிடம் தினமும் ஒரே கேள்வி: "எப்போ சரியாகும்?" அவர் ஒருநாள், "தேதி கேக்காதீங்கய்யா. நாளைக்கு என்ன பயிற்சின்னு கேளுங்க, சொல்றேன்" என்றார். அப்பாவுக்குக் கோபம். எனக்குமே அது தட்டிக்கழிக்கிற பதிலாகத்தான் பட்டது. இப்போது யோசித்தால், நம்பிக்கையைப் பற்றி நான் கேட்டதிலேயே உருப்படியான பேச்சு அது. "தீபாவளிக்குள் எழுந்துவிடுவேன்", "அடுத்த பிறந்தநாளுக்குள் எல்லாம் சரியாகிவிடும்" என்று தேதி போட்டு வைக்கிற நம்பிக்கை, அந்தத் தேதி தாண்டியதும் நம்மையும் சேர்த்துக் கீழே தள்ளுகிறது. தேதியை எடுத்துவிட்டு மறுநாள் வேலையை மட்டும் வைத்துக்கொள்கிற நம்பிக்கைக்கு அந்த ஆபத்து குறைவு. பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது. நின்று பிடிக்கும்.

நம் சங்கப் பாடல்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. முல்லைத் திணைக்கு உரிப்பொருள், அதாவது அது பாடும் உணர்வு, இருத்தல்: பிரிந்துபோனவருக்காகக் காத்திருப்பது. அதற்கான பெரும்பொழுது, அதாவது பருவம், கார்காலம். சிறுபொழுது, அதாவது நாளின் வேளை, மாலை. தலைவன் கார்காலத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போயிருக்கிறான். கார்காலத்தில் பூக்கிற கொன்றை பூத்துவிட்டது, அவன் வரவில்லை. அப்போது தலைவியிடம் அவள் தோழி என்ன சொல்கிறாள் தெரியுமா? "இது கார்காலமே இல்லை. ஏதோ பருவம் தப்பிப் பெய்த மழையைப் பார்த்து இந்த அசட்டுக் கொன்றை ஏமாந்து பூத்துவிட்டது." அப்பட்டமான பொய். ஆனால் எவ்வளவு அன்பான பொய்! தேதி தாண்டிவிட்டது என்று தெரிந்த ஒருத்தியை இன்னும் ஓர் இரவு தாங்கவைக்க, தோழி காலண்டரையே கொஞ்சம் வளைத்துவிடுகிறாள். காத்திருப்பவருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் போதும், தத்துவம் அப்புறம் வந்துகொள்ளலாம் என்று அந்தக் காலத்திலேயே தெரிந்துவைத்திருக்கிறார்கள். இன்னொன்றும் கவனியுங்கள்: முல்லையில் காத்திருக்கும் தலைவி வாயை மூடிக்கொண்டு இருப்பதில்லை. புலம்புகிறாள், நோகிறாள். பொறுமை என்றால் முணுமுணுக்கவே கூடாது என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை.

சரி, ஆன்மீக வளர்ச்சிக்கு வருகிறேன்.

கஷ்டம் வந்தால் கடவுள் பக்கம் தானாக நெருங்கிவிடுவோம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. எல்லாருக்கும் அப்படி நடப்பதில்லை. எனக்கு அந்த மாதங்களில் பிரார்த்தனை சப்பென்று ஆகிவிட்டது. உட்கார்ந்தால் எதுவும் வராது. மருந்து தீர்ந்துவிட்டதா என்ற நினைப்புதான் வரும். பக்தி குறைந்துவிட்டதோ என்று பயந்திருக்கிறேன். அன்னை தெரசா தன் ஆன்மீக வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்களைப் பற்றிப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அவர் 1997ல் மறைந்தார். கடிதங்கள் 2007ல் வெளிவந்தன. 1958ல் சில வாரங்களைத் தவிர, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கடவுள் தன்னோடு இருக்கிற உணர்வே இல்லாமல் அவர் வாழ்ந்திருக்கிறார். அத்தனை வருடமும் அதிகாலையில் எழுந்து அதே பிரார்த்தனை, அதே வேலை. உணர்வு இல்லாததை அவர் பெரிய துன்பமாகவே எழுதியிருக்கிறார், ஏதோ உயர்ந்த நிலை என்று பூசி மெழுகவில்லை. அதனாலேயே அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஆனால் என்னை அதிகம் பிடித்துக்கொண்டவர் தேவாரம் பாடிய சுந்தரர். திருவொற்றியூரில் மனைவி சங்கிலியாருக்கு, பிரியமாட்டேன் என்று கொடுத்த வாக்கை மீறிப் புறப்பட்டதும் அவருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டன என்கிறது பெரியபுராணம். தட்டுத் தடுமாறித் திருவெண்பாக்கம் கோயில் வாசலில் வந்து நின்று, உள்ளே இருக்கிறீரா என்று சிவனிடம் கேட்கிறார். "உளோம், போகீர்" என்று பதில் வருகிறது. இருக்கிறோம், போய் வாரும். அவ்வளவுதான். கண் கிடைக்கவில்லை, ஒரு ஊன்றுகோல் கிடைக்கிறது. அதை ஊன்றிக்கொண்டு நடந்து காஞ்சிபுரம் வந்த பிறகு இடக்கண். மற்ற கண் திருவாரூரில்தான். அந்தத் திருவாரூர்ப் பதிகத்தில் அவர் இறைவனைப் பார்த்து, அடியவர்கள் துன்பத்தைச் சொன்னாலும் சும்மா இருக்கிறீரே, நீர் மட்டும் நன்றாக வாழ்ந்துபோம் என்று குத்திக்காட்டுகிறார். தம்பிரான் தோழர், அதாவது இறைவனுக்கே நண்பர் அல்லவா, அந்த உரிமை அவருக்கு உண்டு.

இந்தக் கதையை வரலாறாக எடுப்பீர்களோ புராணமாக எடுப்பீர்களோ, அது உங்கள் விருப்பம். எனக்கு அதில் முக்கியம் வரிசைதான். முதலில் கோல், பிறகு ஒரு கண், வெகுதூரம் நடந்த பிறகு இன்னொரு கண். பெரும்பாலான மீட்சி இப்படித் தவணையில்தான் வருகிறது. முதல் தவணை நாம் கேட்டதாக இருப்பதே இல்லை. கண் கேட்டவனுக்குக் கோல் கிடைத்தால் எரிச்சல்தான் வரும். எனக்குக் கிடைத்த கோல் மிகச் சாதாரணமானது: இரவில் அப்பா தூங்கிய பிறகு, விளக்கை அணைக்கும் முன், சின்ன வயதில் மனப்பாடம் ஆன ஒரே ஒரு துதியைச் சொல்லிவிட்டுப் படுப்பது. உருக்கம் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். தியானம், விரதம், நாள் முழுக்க நாமஜபம் என்று பெரிய திட்டங்களை அந்த நேரத்தில் யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு விட்டுவிடுவேன். ஓய்ந்துபோன ஆளுக்குப் பெரிய சாதனை எல்லாம் இன்னொரு பாரம்தான்.

இன்னொரு விஷயத்தையும் நான் கடைப்பிடிக்கிறேன். இயேசு சபையை நிறுவிய கிறிஸ்தவத் துறவி லொயோலா இக்னேஷியஸ், 1521ல் ஸ்பெயினின் பாம்ப்லோனா சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் எலும்பு நொறுங்கிப் படுக்கையில் கிடந்தவர். படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில் தன் மனம் எப்போது வறண்டு போகிறது, எப்போது நிறைகிறது என்று கவனித்துப் பார்த்ததிலிருந்துதான் அவருடைய ஆன்மீகப் பயிற்சி தொடங்குகிறது. அவர் சொன்ன விதி இது: மனம் இருண்டிருக்கும்போது, முன்பு தெளிவாக இருந்த நேரத்தில் எடுத்த முடிவை மாற்றாதே. எந்த மதத்துக்காரருக்கும், மதமே இல்லாதவருக்கும் இது பொருந்தும். வேலையை விடுவது, உறவை அறுப்பது, நம்பிக்கையைத் தலைமுழுகுவது என்று பெரிய முடிவுகள் எல்லாம் வறண்ட காலத்தில் மிகவும் நியாயமாகத் தெரியும். ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துவிடுங்கள். வெளிச்சமான நாளில் பிரித்துப் பார்த்தும் அதே நியாயம் தெரிந்தால் செய்யுங்கள். (அடி உதை இருக்கிற வீட்டிலிருந்து வெளியேறுவதற்கு இந்த விதி பொருந்தாது. அதற்கு நல்ல நாள் பார்க்கக் கூடாது.)

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கம் கெட்டு, எதிலும் விருப்பம் இல்லாமல், இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்துகொண்டே இருந்தால், அதற்கு ஆன்மீகப் பெயர் சூட்டி உட்கார்ந்திருக்காதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு நோய்க்கு மருந்தும் பேச்சு சிகிச்சையும் இருக்கின்றன. அதை எடுத்துக்கொள்வதால் பக்தி ஒன்றும் குறைந்துவிடாது.

வளர்ச்சி நடக்கிறதா என்று எப்படித் தெரியும்? நமக்கு நேரடியாகத் தெரியாது என்றே நினைக்கிறேன். ஆப்பிள் மரத்தில் வசந்தத்தில் விரியும் பூவுக்கான மொட்டு முந்தைய கோடையிலேயே உருவாகிவிடும். பனிக்காலம் முழுக்க அது கிளையில்தான் இருக்கும், பார்க்கிறவருக்கு வெறும் குச்சி. நான் பார்க்கிற அடையாளங்கள் எல்லாம் சின்னவை. கோபம் வந்தால் இறங்க முன்பு எவ்வளவு நேரம் ஆனது, இப்போது எவ்வளவு ஆகிறது. அடுத்தவர் துக்கம் சொல்லும்போது நடுவில் என் கதையை நுழைக்காமல் கேட்க முடிகிறதா. கேட்டது கிடைக்காத நாளில் வீட்டில் இருப்பவர்கள் மேல் அதைக் காட்டுகிறேனா. கனவில் தரிசனம், உடம்பில் சிலிர்ப்பு இதையெல்லாம் நான் கணக்கில் சேர்ப்பதில்லை. வந்தால் சந்தோஷம்.

அப்பாவின் கை முழுதாகத் தேறவில்லை. துணி மாட்டும் கிளிப்பை அழுத்தி ஒரு டப்பாவின் விளிம்பில் மாட்டுவதுதான் அவருடைய பெரிய பயிற்சி. முதல் கிளிப்பை மாட்டிய அன்று அதை யாரும் கழற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார். கும்பிடும்போது இன்னமும் வலது கையால் இடது கையைத் தூக்கிக்கொண்டுவந்துதான் சேர்க்கிறார். விரல்கள் நேராக நிற்காது, கோணலாகத்தான் சேரும். "எப்போ சரியாகும்" என்று கேட்பது எப்போது நின்றது என்று எங்கள் யாருக்கும் நினைவில்லை.

நல்ல காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அதை யாரும் கேட்பதில்லை. மனம் நிறைவாக இருக்கும்போதே அடுத்த வறட்சிக்குப் பலம் சேர்த்துவைக்கச் சொன்னவரும் அதே இக்னேஷியஸ்தான். எனக்குக் கைகொடுத்த அந்தத் துதி, ஒரு கவலையும் இல்லாத வயதில் பாட்டி மடியில் உட்கார்ந்து கற்றது. நெருக்கடியில் புதிதாக எதையும் மனப்பாடம் செய்யும் தெம்பு எனக்கு இருக்கவில்லை. நீங்கள் எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள் என்று கேள்வியில் இல்லை. ஓரளவு நல்ல காலம் என்றால், ஏதாவது ஒரு சின்னப் பழக்கத்தை இப்போதே தொடங்குங்கள், நடு இரவில் கூப்பிட்டாலும் எடுக்கிற ஒரு நட்பையாவது விடாமல் பிடித்துவையுங்கள். கெட்ட காலம் என்றால் இதெல்லாம் இப்போது வேண்டாம். அந்த நண்பருக்கு இன்றைக்கு ஒரு போன் போடுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.