'எக்ஸ்பிளெயின் மீ' ஏன் தப்பு?

கேள்வி: 'டெல் மீ', 'ஷோ மீ', 'கிவ் மீ' எல்லாம் சரி என்கிறார்கள். நான் 'எக்ஸ்பிளெயின் மீ' என்று எழுதினால் மட்டும் நடுவில் ஒரு 'டு' போட்டுத் திருத்துகிறார்கள். 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதினால் 'அபவுட்'டை வெட்டிவிடுகிறார்கள். ப்ரெபொசிஷன் பட்டியலை மனப்பாடம் செய்தும் பயனில்லை. ஆங்கிலத்துக்கு விதி என்று ஒன்று உண்டா, இல்லையா? (வாசகி ஒருவர்)

பதில்: உண்டு. நீங்கள் அதைத் தேடிய இடம்தான் சரியில்லை. அந்தப் பட்டியலை முதலில் மூடி வையுங்கள். 'டு' என்றால் 'கு', 'வித்' என்றால் 'ஓடு', 'அபவுட்' என்றால் 'பற்றி' என்று தனித்தனியாகப் படித்தவர்கள் எல்லோரும் நீங்கள் இடறிய இடத்தில்தான் இடறுகிறார்கள். 'டு' வேண்டுமா, 'ஃபார்' வேண்டுமா, எதுவுமே வேண்டாமா என்று முடிவு செய்வது முன்னால் நிற்கும் வினைச்சொல்.

தமிழும் அப்படித்தான். அவனைப் பார்த்தேன், அவனுக்கு உதவினேன், அவனிடம் சொன்னேன், அவனோடு பேசினேன். பார்ப்பதற்கு ஏன் 'ஐ', உதவுவதற்கு ஏன் 'கு' என்று நாம் யோசிப்பதே இல்லை. உருபு வினையோடு ஒட்டியே நம் காதில் விழுந்தது, அப்படியே நின்றுவிட்டது. ஆங்கில வினைகளுக்கும் இதே மாதிரி ஒட்டு உண்டு. ஆனால் அது நம் ஒட்டு இல்லை. 'அவனைப் பார்' என்பதற்கு அங்கே 'லுக் அட் ஹிம்'. 'அவனுக்கு உதவு' என்பதற்கோ வெறும் 'ஹெல்ப் ஹிம்'. நம் உருபை மொழிபெயர்த்துப் போட்டால் இரண்டுமே கெடும்.

இப்போது 'மீ'க்கு வருவோம். நமக்கு 'என்னை' வேறு, 'எனக்கு' வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'மீ' ஒன்றுதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் 'அவனை' என்பதற்கு 'ஹினெ', 'அவனுக்கு' என்பதற்கு 'ஹிம்' என்று இரண்டு வடிவங்கள் இருந்தன. பிறகு 'ஹினெ' வழக்கொழிந்து, 'ஹிம்' இரண்டு வேலையையும் எடுத்துக்கொண்டது. உருபு போன இடத்தில், சொல் நிற்கும் வரிசையும் ப்ரெபொசிஷனும் அந்தப் பொறுப்பைச் சுமக்கின்றன.

'கிவ்', 'டெல்', 'ஷோ', 'சென்ட்', 'லெண்ட்' போன்ற பழைய, குட்டி வினைகள் ஆளை நேரடியாகப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும்: 'டெல் மீ', 'ஷோ மீ தி லெட்டர்'. 'எக்ஸ்பிளெயின்', 'டிஸ்க்ரைப்', 'சஜெஸ்ட்', 'அனௌன்ஸ்' போன்றவை லத்தீன் வழி வந்தவை. இவை பொருளை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆளை 'டு' போட்டுத்தான் சேர்க்கும்: 'எக்ஸ்பிளெயின் இட் டு மீ'. 'ஆஃபர்', 'ப்ராமிஸ்' இரண்டும் லத்தீன் வழி வந்தவையே என்றாலும் 'ஆஃபர்ட் மீ', 'ப்ராமிஸ்ட் மீ' என்று வரும். முதல் அசையில் அழுத்தம் விழும் சொற்கள் பெரும்பாலும் பழைய வினைகளைப் போலவே நடந்துகொள்ளும். விதிவிலக்குகள் இருக்கின்றன, ஆனாலும் சந்தேகம் வந்தால் இந்த அடையாளம் பெரும்பாலும் கைகொடுக்கும்.

விளக்க வேண்டிய விஷயம் நீளமாக இருந்தால் 'டு மீ' முன்னால் வந்துவிடும்: 'எக்ஸ்பிளெயின் டு மீ ஹவ் திஸ் வொர்க்ஸ்'. 'சஜெஸ்ட் மீ எ புக்' என்று எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்களே, அங்கே 'மீ'யே தேவையில்லை. 'கேன் யூ சஜெஸ்ட் எ புக்?' போதும். கேட்பது நீங்கள்தான் என்று படிப்பவருக்குத் தெரியாதா என்ன?

'டிஸ்கஸ் அபவுட்' தப்புக்குக் காரணம் தமிழின் 'பற்றி' மட்டும் இல்லை. 'எ டிஸ்கஷன் அபவுட் தி பிளான்' என்பது சரியான ஆங்கிலம். பெயர்ச்சொல்லுக்குச் செயப்படுபொருளை நேரடியாகப் பிடிக்கத் தெம்பு இல்லை, ப்ரெபொசிஷன் துணை வேண்டும். வினைக்கு அந்தத் தெம்பு இருக்கிறது: 'வீ டிஸ்கஸ்ட் தி பிளான்'. பெயர்ச்சொல்லோடு கேட்டுப் பழகிய 'அபவுட்'டை வினைக்கும் மாட்டிவிடுகிறோம். 'ஆன்சர் டு தி கொஸ்டின்' என்பது பெயர். வினையானால் 'ஆன்சர் தி கொஸ்டின்'. 'எ ரிக்வெஸ்ட் ஃபார் ஹெல்ப்' பெயர். 'ஷீ ரிக்வெஸ்டட் ஹெல்ப்' வினை. அலுவலகக் கடிதங்களில் நான் அதிகம் பார்க்கும் தப்பு இந்த வகைதான். சொல்லிக்கொடுப்பவர்களும் வெறுமனே 'வெட்டு' என்கிறார்களே தவிர, காரணம் சொல்வதில்லை. அதைச் சொன்னால் பத்து சொற்கள் ஒரே நாளில் சரியாகிவிடும்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 'டர்ன் ஆஃப் தி லைட்', 'டர்ன் தி லைட் ஆஃப்' இரண்டும் சரி. 'தி லைட்' இருந்த இடத்தில் 'இட்' போட்டால் 'டர்ன் இட் ஆஃப்' மட்டும்தான் சரி, 'டர்ன் ஆஃப் இட்' கிடையாது. 'லுக் ஆஃப்டர்' என்பதில் நேர்மாறு: 'லுக் ஆஃப்டர் இட்' மட்டுமே. பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும், 'டர்ன் ஆஃப்' என்பதில் 'ஆஃப்' வினையின் ஒரு துண்டு. 'ஆஃப்டர்' உண்மையான ப்ரெபொசிஷன், தன் பொருளை விட்டு விலகாது. ஆங்கில வாக்கியத்தில் கனமான புதுச் செய்தி பொதுவாகக் கடைசியில் வரும். 'இட்' ஏற்கெனவே தெரிந்த பொருள், கனமில்லாத சொல், அதனால் நடுவில் போய் உட்காருகிறது. ஆகவே ஒரு கூட்டுவினை எந்த ரகம் என்று தெரிய வேண்டுமா, 'இட்' போட்டுப் பாருங்கள். 'பிக் மீ அப்', 'கால் மீ பேக்' ஒரு ரகம். 'வெயிட் ஃபார் மீ', 'லிஸன் டு மீ' இன்னொன்று.

இது உங்களுக்கு மட்டும் கடினம் என்று நினைக்க வேண்டாம். சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே, வினையோடு சிறுசொல் சேர்ந்து பொருள் மாறுவதுதான் அயல்நாட்டாருக்குப் பெரிய சிக்கல் என்று எழுதியிருக்கிறார்.

சரி, ப்ரெபொசிஷனுக்கென்று சொந்தப் பொருளே இல்லையா? இருக்கிறது, ஒரே வினை இரண்டை ஏற்கும்போது பளிச்சென்று தெரியும். 'த்ரோ தி பால் டு ஹிம்' என்றால் அவன் பிடிக்கட்டும் என்று போடுவது. 'த்ரோ தி பால் அட் ஹிம்' என்றால் அவன் மேல் படட்டும் என்று எறிவது. 'ஷவுட் டு ஹிம்' என்பது தூரத்தில் நிற்பவனைக் கூப்பிடுவது, 'ஷவுட் அட் ஹிம்' அவனைத் திட்டுவது.

பட்டியலுக்குப் பதில் ஆங்கிலம் கற்போருக்கான அகராதி ஒன்றைக் கையில் எடுங்கள். ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானிய மாணவர்களை மனதில் வைத்து உருவாக்கி 1942-இல் வெளிவந்த அகராதி, எந்த வினை எந்த அமைப்பில் வரும் என்று குறித்துக் காட்டியது. இன்றைய அகராதிகளும் அதையே செய்கின்றன. அர்த்தம் பார்த்ததும் மூடிவிடாமல், 'எக்ஸ்பிளெயின் சம்திங் டு சம்படி' என்று பக்கத்தில் அச்சிட்டிருப்பதையும் படியுங்கள். நோட்டில் எழுதும்போது அந்த வரியை முழுதாக எழுதுங்கள். அப்புறம் 'சம்திங்' இடத்தில் 'இட்', 'சம்படி' இடத்தில் 'ஹிம்' போட்டு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தினமும் எழுதுகிற கடிதங்களில் வரும் வினைகளை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றவை அப்புறம்.