மார்கான்ஷியா பாலிமார்ஃபாவா, பேலியேசியாவா? கேள்வி பதில்

ஓடைக்கரையில் மார்கான்ஷியா என்ற ஈரலுருத்தாவரத்தை (லிவர்வொர்ட்) எடுத்தேன். இரண்டு தாலஸ்களில் (தட்டையான, இலைபோன்ற உடல்) ஒன்றின் நடுவே கருங்கோடு உண்டு, மற்றதில் இல்லை. கோடு உள்ளதுதான் பாலிமார்ஃபாவா?

கோட்டை நம்பாதீர்கள். பாலிமார்ஃபாவுக்குள்ளேயே ருடெராலிஸ் துணையினத்தில் அது விட்டுவிட்டு வரும், மான்டிவாகன்ஸ் துணையினத்தில் இருக்காது. தாலஸைத் திருப்பி அடிப்புறச் செதில்களைப் பாருங்கள். பாலிமார்ஃபாவில் ஆறு வரிசை, பேலியேசியாவில் நான்கு.

எண்ணிப் பார்த்தேன், ஒவ்வொரு துண்டிலும் ஒவ்வொரு எண் வருகிறதே மேடம்?

முதுபகுதியில் எண்ணியிருப்பீர்கள். அங்கே செதில்கள் உதிர்ந்திருக்கும். நுனியிலோ ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிக் கிடக்கும். நுனிக்குச் சற்றுப் பின்னால் உள்ள இளம்பகுதியை எடுத்து, தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் மண்ணைக் கழுவுங்கள். நடுநரம்பை மூடியிருக்கும் வேரிகளை (வேர்போன்ற இழைகளை) இடுக்கியால் விலக்கிவிட்டு, ஒரு பக்கம் மட்டும் எண்ணினால் போதும்: மூன்றா, இரண்டா? பாலிமார்ஃபாவில் விளிம்போரச் செதில்கள் சிறியவை. அவை கழுவும்போது போய்விட்டால் பேலியேசியா என்றே தோன்றும். அதனால் ஒரே துண்டை வைத்து முடிவு செய்யக்கூடாது. உலர்ந்த மாதிரி என்றால் வெந்நீரில் ஊறவையுங்கள்.

பிறகு நடுநரம்பை ஒட்டிய செதில் ஒன்றை உரித்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து 100 மடங்கில் பாருங்கள். அதன் நுனியிலுள்ள ஒட்டுறுப்பின் விளிம்பு பாலிமார்ஃபாவில் நுண்பற்களோடும், பேலியேசியாவில் பெரும்பாலும் மழமழவென்றும் இருக்கும். வரிசை எண்ணிக்கையும் விளிம்பும் ஒத்துப்போனால்தான் நான் பெயர் எழுதுவேன். உரிக்கும்போது ஒட்டுறுப்பு கிழிந்துவிட்டால் அந்தச் செதிலை விட்டுவிட்டு வேறொன்றை எடுங்கள்.

பாடப்புத்தகத்தில் வரும் மார்கான்ஷியா நேபாலென்சிஸ் மூன்றாவது இனமா?

இல்லை, அது பேலியேசியாவின் பழைய பெயர்.

ஜெம்மா (புதுச்செடியாக வளரும் சிறு மொட்டு) உருவாகும் கிண்ணம் பிறைவடிவில் இருக்கிறது. இது எது?

இரண்டுமில்லை, லுனுலேரியா என்ற வேறு பேரினம்.

பேலியேசியாவில் பூஞ்சை வாழும் என்கிறார்களே, அதை வைத்துப் பிரிக்கலாமா?

ஒருதலையாகத்தான் உதவும். ஆர்பஸ்குலர் மைகோரைசா பூஞ்சையோடு பேலியேசியா கூட்டுவாழும். பாலிமார்ஃபா அதற்கான மரபணுக்களை இழந்துவிட்டது. நடுநரம்பின் குறுக்குவெட்டை 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வெளுக்கவைத்து, வினிகர் கலந்த மையில் சாயமேற்றி, செல்களுக்குள் மரம்போல் கிளைத்த பூஞ்சை அமைப்பான ஆர்பஸ்கியூல் தெரிகிறதா என்று பாருங்கள். வேர்களுக்குச் செய்வதுபோல் நெடுநேரம் சூடாக்கினால் வெட்டுத்துண்டு கூழாகிவிடும், நிறம் வெளிறியதுமே எடுத்துவிடுங்கள். ஆர்பஸ்கியூல் இருந்தால் பாலிமார்ஃபா இல்லை என்று துணிந்து சொல்லலாம். இல்லாவிட்டால் எதுவும் சொல்லமுடியாது. கிருமிநீக்கிய அகாரில் ஜெம்மாவிலிருந்து வளர்த்த பேலியேசியாவிலும் பூஞ்சை இருக்காது.