‘அனுப்பியாச்சு’ என்றால் போய்ச் சேர்ந்ததா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்குக் கொடுக்கும் மொபைல் ஆப்களைப் பற்றியவை. நான் முதலில் வேலை பார்த்தது ஒரு டெலிகாம் நிறுவனத்தின் எஸ்.எம்.எஸ். மையத்தில். அங்கிருந்து மிடில்வேர், அதாவது ஆப்புக்கும் நிறுவனத்தின் அமைப்புகளுக்கும் நடுவில் நிற்கும் மென்பொருள், எழுதும் குழுவுக்கு வந்தேன். இரண்டு பக்கத்துக் கஷ்டமும் தெரியும் என்பதால் சில கேள்விகளுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் விற்பனைப் பிரதிநிதிகள் ஆப்பில் போடும் ஆர்டர் சில சமயம் இரண்டு முறை பதிவாகிவிடுகிறது. ஆப் செய்து கொடுத்தவர்கள் சிக்னல் கோளாறு என்கிறார்கள். டெலிகாம் நிறுவனமோ எங்கள் பக்கம் எல்லாம் சரி என்கிறது. யாரை நம்புவது? (விநியோக நிறுவன மேலாளர் ஒருவர்)

பதில்: இருவருமே பொய் சொல்லவில்லை. ஆனால் இதைச் சரிசெய்ய வேண்டியவர் ஆப் செய்தவர்தான்.

நடப்பது இதுதான். பிரதிநிதி ‘அனுப்பு’ பொத்தானை அழுத்துகிறார். ஆர்டர் சர்வருக்குப் போய்ப் பதிவும் ஆகிவிடுகிறது. ‘கிடைத்தது’ என்று சர்வர் அனுப்பும் பதில் திரும்பி வருவதற்குள் அவர் லிஃப்டுக்குள் போய்விடுகிறார். அல்லது போன் வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறுகிறது; இணையத்தில் போனுக்கு உள்ள ஐ.பி. முகவரியும் கூடவே மாறுவதால் பழைய இணைப்பு அறுந்துபோகிறது. போனுக்குப் பதில் வரவில்லை. ஆர்டர் போகவே இல்லையா, அல்லது போய்ச் சேர்ந்து பதில் மட்டும் தொலைந்ததா? போனின் பக்கமிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆப் மறுபடி அனுப்புகிறது. ஆர்டர் இரண்டாகிறது.

இதற்கு வழி, ஒவ்வொரு ஆர்டருக்கும் ஓர் அடையாள எண்ணைப் போனிலேயே, அனுப்புவதற்கு முன்பே, உருவாக்கிவிடுவது. எத்தனை முறை திரும்ப அனுப்பினாலும் அதே எண் போக வேண்டும். மிடில்வேர் அந்த எண்ணை ஏற்கெனவே பார்த்திருந்தால் புதிதாகப் பதியாது. முன்பு கொடுத்த பதிலையே திரும்பக் கொடுக்கும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு மருந்து விநியோக ஆப்பில். அங்கே அடையாள எண்ணை சர்வர்தான் உருவாக்கியது. அதாவது, ஒரே ஆர்டர் மூன்று முறை வந்தால் மூன்று எண். குளிர்பதனத்தில் வைக்க வேண்டிய மருந்து ஒரு மருத்துவமனையில் மூன்று மடங்காக இறங்கிவிட்டது. வைக்க அவர்களிடம் இடமில்லை. நடந்ததையெல்லாம் சர்வர் குறித்து வைக்கும் லாக் கோப்பை வரி வரியாகப் படித்தோம். மூன்று முறையும் 41 விநாடிக்குள் வந்திருந்தன. டெலிகாம் பக்கம் ஒரு பிழையும் இல்லை. எண் உருவாக்கும் வேலையை அன்றிரவே போனுக்கு மாற்றினோம். இருபது வரிகூட இல்லை அந்த மாற்றம். அந்த மருந்து வீணாகப் போனதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

ஜெரோம் சால்ட்சர், டேவிட் ரீட், டேவிட் கிளார்க் மூவரும் 1984-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று இதைத்தான் பேசுகிறது. ஒரு கோப்பு போகும் வழியில் ஒவ்வொரு கண்ணியும் எவ்வளவு சரிபார்த்தாலும், அது முழுதாக வந்து வட்டில் எழுதப்பட்டதா என்பதைக் கடைசி முனைதான் உறுதிசெய்ய முடியும். நடுவில் செய்யும் சரிபார்ப்பு வேகத்துக்கு உதவும், உத்தரவாதம் ஆகாது. நெட்வொர்க் ‘சேர்ந்துவிட்டது’ என்று சொன்னால், பைட்டுகள் அடுத்த இயந்திரத்துக்குச் சேர்ந்தன என்று மட்டுமே பொருள். ஆர்டர் பதிவானதா என்பது அதற்குத் தெரியாது.

ஆப் செய்தவர்களிடம் ஒன்று கேளுங்கள்: ‘அனுப்பு’ அழுத்தி, பதில் வருவதற்குள் ஏரோப்ளேன் மோடைப் போட்டுவிட்டு, ஒரு நிமிடம் கழித்து எடுத்தால் என்ன ஆகும்? உங்கள் கண் முன்னாலேயே செய்து காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: நடுவில் மிடில்வேர் எதற்கு? ஆப் நேராக டேட்டாபேஸோடு பேசினால் என்ன? (கணினி அறிவியல் மாணவி)

பதில்: அலுவலகத்துக்குள் கம்பி இணைப்பில் இருக்கும் கணினி அப்படிப் பேசலாம், நெடுங்காலம் அப்படித்தான் பேசின. டேட்டாபேஸ் இணைப்பு அறுபடாமல் நீடிக்கும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது. போனில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. அதைவிட முக்கியம், டேட்டாபேஸின் கடவுச்சொல்லை ஆப்புக்குள் வைத்தால் ஆப்பைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த எவரும் எடுத்துவிடுவார்.

இன்னொன்று, ஒரு நிறுவனத்தில் சரக்குக் கணக்கு ஓர் அமைப்பில் இருக்கும், வாடிக்கையாளர் விவரம் வேறொன்றில், சம்பளம் மூன்றாவதில். சில உங்களைவிட வயதில் மூத்தவை. ஒவ்வொன்றிடமும் அதனதன் மொழியில் கேட்டு, போன் திரைக்குத் தேவையானதை மட்டும் பொறுக்கிக் கொடுப்பது நடுவில் இருப்பவரின் வேலை. சொல்லும் புதிதல்ல, 1968-ல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நடந்த நேட்டோ மென்பொருள் மாநாட்டின் அறிக்கையிலேயே மிடில்வேர் என்ற சொல் இருக்கிறது. மொபைல் வந்தபின் கார்ட்னர் ஆய்வு நிறுவனம் ஓர் எளிய கணக்கு சொன்னது: மூன்று ஆப், மூன்று வகை இயங்குதளம், பின்னால் மூன்று அமைப்பு என்று ஆகிவிட்டால் தனித்தனியாக இணைத்து மாளாது, பொதுத் தளம் ஒன்று வையுங்கள் என்று.

நீங்கள் படிக்கும்போது ஒன்றில் மட்டும் கூடுதல் கவனம் வையுங்கள்: இரண்டு பேர் சிக்னல் இல்லாத இடத்தில் இருந்துகொண்டு ஒரே பதிவைத் திருத்தினால் எதை எடுப்பது? ‘கடைசியாக எழுதியதே செல்லும்’ என்று பலர் வைத்துவிடுகிறார்கள். போனின் கடிகாரம் தவறாக இருந்தால் ‘கடைசி’ என்பதே பொய்யாகிவிடும்.

கேள்வி: பணியில் இருக்கும் டாக்டருக்கு அவசர அழைப்பை ஆப் வழியாக அனுப்புகிறோம். சில நேரம் அரை மணி கழித்து வருகிறது. போனில் சிக்னல் முழுதாகக் காட்டுகிறதே? (செவிலியர் கண்காணிப்பாளர்)

பதில்: உங்கள் கடிதத்தைத்தான் முதலில் பிரித்து வைத்தேன். இதில் ஓர் உயிர் காத்திருக்கிறது.

சிக்னல் கோடுகள் போனுக்கும் டவருக்கும் இடையிலான ரேடியோ பலத்தை மட்டுமே காட்டுகின்றன. டவரைத் தாண்டி என்ன நடக்கிறது என்பது அதில் தெரியாது. ஐ.பி.வி.4 என்ற பழைய வகை ஐ.பி. முகவரிகள் போதாததால் டெலிகாம் நிறுவனங்கள் பல போன்களை ஒரே பொது முகவரியின் பின்னால் வைக்கின்றன. எந்த இணைப்பு எந்தப் போனுடையது என்று நடுவில் ஓர் அட்டவணை இருக்கும். கொஞ்ச நேரம் பேச்சில்லாத இணைப்பை அந்த அட்டவணையிலிருந்து நீக்கிவிடுவார்கள். 2008-ல் வந்த ஆர்.எஃப்.சி. 5382 என்ற இணைய விதிமுறை ஆவணம், குறைந்தது 2 மணி 4 நிமிடம் வைத்திருக்க வேண்டும் என்கிறது. நடைமுறையில் சில நிமிடங்களிலேயே நீக்குவதைப் பார்த்திருக்கிறேன். நீக்கியதை எந்த முனைக்கும் சொல்வதில்லை. ஆப், தான் இணைப்பில் இருப்பதாகவே நினைத்துக் காத்திருக்கும்.

அடிக்கடி ஒரு சின்னத் துடிப்பை அனுப்பிக்கொண்டே இருந்தால் இணைப்பு நிற்கும். ஆனால் ஒவ்வொரு துடிப்புக்கும் ரேடியோ விழித்து, வேலை முடிந்த பிறகும் சில விநாடி விழித்தே இருக்கும். பத்து ஆப் பத்துவிதமாகத் துடித்தால் பேட்டரி தாங்காது. அதனால்தான் 2009-ல் ஆப்பிளும் 2010-ல் கூகுளும் போன் முழுவதற்கும் பொதுவான ஒரே இணைப்பை வைத்து, எல்லா ஆப்களுக்கும் அதன் வழியாகப் புஷ் (சர்வரே போனுக்குத் தள்ளிவிடும் அறிவிப்பு) கொடுக்க ஆரம்பித்தன. நல்ல ஏற்பாடு. ஆனால் குறித்த நேரத்தில் சேரும் என்று இரண்டுமே வாக்குக் கொடுப்பதில்லை. 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், அசையாமல் கிடக்கும் போன் ஆழ்ந்த ஓய்வுக்குப் போகும். உயர் முன்னுரிமை என்று குறிக்காத புஷ், போன் விழிக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். உங்கள் அழைப்புகள் அப்படிக் குறிக்கப்பட்டுள்ளனவா என்பதை இன்றே கேளுங்கள்.

அதோடு நிறுத்தவும் வேண்டாம். புஷ் போனதும் மிடில்வேர் கடிகாரத்தை ஓட விட வேண்டும். டாக்டர் ‘பார்த்தேன்’ என்று அழுத்திய பதில் 60 விநாடிக்குள் வராவிட்டால் எஸ்.எம்.எஸ்.; அதற்கும் பதில் இல்லையென்றால் தானியங்கிக் குரல் அழைப்பு; அதையும் எடுக்கவில்லையென்றால் அடுத்த டாக்டர். எஸ்.எம்.எஸ்.ஸும் குரல் அழைப்பும் போனில் மொபைல் டேட்டா அணைத்திருந்தாலும் வரும். டெலிகாம் நிறுவனம் உங்களுக்கு உண்மையில் கைகொடுக்கும் இடம் இதுதான். அவசர அழைப்பைப் புஷ் ஒன்றை மட்டுமே நம்பி விடாதீர்கள்.

கேள்வி: ஊழியர்கள் ஆப்பில் நுழைய எஸ்.எம்.எஸ்.ஸில் ஓ.டி.பி. அனுப்புகிறோம். அது போதுமா? (நிதிப் பிரிவு அலுவலர்)

பதில்: பணம் அனுப்பும் அதிகாரம் உள்ளவர்களுக்குப் போதாது.

எஸ்.எம்.எஸ். மையத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தச் செய்தி குறியாக்கம் இல்லாமல்தான் மையத்துக்குள் கிடக்கும். நெட்வொர்க்குகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் எஸ்.எஸ்.7 என்ற முறை, விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்கள் ஒருவரையொருவர் நம்பிய காலத்தில் உருவானது. அதன் வழியே பிறருடைய செய்தியைத் திருப்ப முடியும் என்பதை 2014 டிசம்பரில் ஹாம்பர்க்கில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் என்ற ஹேக்கர் மாநாட்டில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் டோபியாஸ் எங்கெலும் கார்ஸ்டன் நோலும் விளக்கினார்கள். 2017-ல் ஜெர்மனியில் வங்கிக் கணக்குகளிலிருந்து இதே வழியில் பணம் போனது. அதே ஆண்டு அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. தன் வழிகாட்டுதலில், எஸ்.எம்.எஸ். ஓ.டி.பி.யைக் கட்டுப்பாட்டுக்குரிய முறை என்று வகைப்படுத்தியது. உங்கள் பெயரில் வேறொருவர் மாற்று சிம் வாங்கிவிடும் ஆபத்து தனி.

ஆனால் சிம் எப்போது மாறியது என்பது டெலிகாம் நிறுவனத்துக்குத்தான் நன்றாகத் தெரியும்! அந்தத் தகவலைக் கேட்க இப்போது வழி இருக்கிறது. 2023 பிப்ரவரியில் மொபைல் நிறுவனங்களின் சங்கமான ஜி.எஸ்.எம்.ஏ. அறிவித்த ஓப்பன் கேட்வே திட்டமும், அதற்கான ஏ.பி.ஐ.களை (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தகவல் கேட்கும் வழிகளை) வரையறுக்கும் கமாரா திட்டமும் இதற்காக வந்தவை. உங்கள் மிடில்வேர் ஓ.டி.பி. அனுப்பும் முன் ‘இந்த எண்ணின் சிம் கடந்த 24 மணி நேரத்தில் மாறியதா?’ என்று கேட்கலாம். ஆப்பைத் திறந்திருப்பது அந்த எண்ணின் சிம்தானா என்பதை மொபைல் டேட்டா வழியே சத்தமில்லாமல் சரிபார்க்கலாம். வைஃபையில் இருந்தால் மட்டும் இது நடக்காது. நெட்வொர்க் வசதிகளை வெளி மென்பொருள்களுக்குத் திறக்க 1998-ல் பார்லே குழு தொடங்கியபோதே டெலிகாம் நிறுவனங்கள் தங்கள் கதவை இப்படி வெளியாருக்குத் திறந்திருக்கலாம். இவ்வளவு காலம் வெறும் குழாயாகவே இருந்துவிட்டார்களே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. உங்கள் நாட்டு நிறுவனம் இந்த வசதியைத் தருகிறதா என்று விசாரியுங்கள். தரவில்லையென்றால் நிதிப் பிரிவுக்கு மட்டுமாவது பாதுகாப்புச் சாவியோ (கையில் வைத்திருக்கும் சிறு கருவி) பாஸ்கீயோ (கடவுச்சொல்லுக்குப் பதிலான டிஜிட்டல் சாவி) கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: தனி ஏ.பி.என். (மொபைல் டேட்டா டெலிகாம் நெட்வொர்க்கிலிருந்து வெளியேறும் வாசல்) எடுத்தால் பொது இணையத்தைத் தொடாமலே டேட்டா எங்கள் சர்வருக்கு வரும், தனியாகக் குறியாக்கம் தேவையில்லை என்கிறார் விற்பனையாளர். சரியா?

பதில்: முதல் பாதி சரி. இரண்டாவது பாதியை ஏற்காதீர்கள்.

பழைய போன்களில் இணையம் தந்த வாப் முறையின் காலத்தில் இதே பேச்சைக் கேட்டோம். போனிலிருந்து கேட்வே என்ற இடைச் சர்வர் வரை ஒரு குறியாக்கம், கேட்வேயிலிருந்து வங்கி சர்வர் வரை இன்னொன்று. நடுவில், கேட்வேயின் நினைவகத்தில், ஒரு கணம் எல்லாம் வெறும் எழுத்தாகக் கிடக்கும். அந்த கேட்வே பெரும்பாலும் டெலிகாம் நிறுவனத்தின் கட்டடத்தில் இருந்தது. ‘வாப் இடைவெளி’ என்றே அதற்குப் பெயர் வந்தது, வாப் 2.0 வந்த பிறகுதான் முனைக்கு முனை குறியாக்கம் கிடைத்தது. நிறுவன மின்னஞ்சலில் பிளாக்பெர்ரி ஆரம்பத்திலேயே வேறு வழி எடுத்தது. சாவி நிறுவனத்தின் சர்வரிடமும் கையில் இருக்கும் கருவியிடமும் மட்டும். நடுவில் கடத்துபவர் பிரிக்க முடியாது. அந்த வழிதான் சரி. தனி ஏ.பி.என். எடுங்கள், அதற்குள்ளும் ஆப்புக்கும் சர்வருக்கும் இடையே டி.எல்.எஸ். என்ற குறியாக்கம் வையுங்கள்.

அதே பிளாக்பெர்ரி சேவை, 2011 அக்டோபரில் ஒரு ஸ்விட்ச் பழுதாகி, மாற்று ஏற்பாடும் கைவிட்டதால், பல கண்டங்களில் நாள்கணக்கில் முடங்கியது. எல்லாம் ஒரே நடுவழியாகப் போனதன் விளைவு. ஏ.பி.என். வாசல் ஒன்று விழுந்தால் மாற்று எது என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: தமிழில் எஸ்.எம்.எஸ். அனுப்பினால் கட்டணம் ஏன் கூடுகிறது?

பதில்: ஒரு எஸ்.எம்.எஸ்.ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்து அடங்கும். தமிழுக்குப் பொதுவாக ஒவ்வொரு இடத்துக்கும் 16 பிட் வேண்டும். ஆக 70 இடங்கள்தான். புள்ளிக்கும் கொம்புக்கும் காலுக்கும் தனி இடம். ‘வணக்கம்’ நமக்கு ஐந்து எழுத்து, நெட்வொர்க்குக்கு ஏழு. எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டாகும். துண்டுகளைச் சேர்க்கும் தலைப்புக்கும் இடம் போவதால் ஒவ்வொன்றிலும் 67தான் மிஞ்சும். துண்டுக்குத் துண்டு கட்டணம். ஆங்கிலச் செய்தியிலும் ஒரே ஒரு வளைந்த மேற்கோள்குறி நுழைந்துவிட்டால் முழுச் செய்தியும் 70 கணக்குக்கு மாறிவிடக்கூடும். அனுப்பும் முன் துண்டுகளை எண்ணிக் காட்டும்படி உங்கள் மிடில்வேர் குழுவிடம் சொல்லுங்கள். செலவைப் பார்த்து மட்டும் தமிழைக் கைவிட்டுவிடாதீர்கள். வாக்கியத்தைச் சுருக்கினாலே பெரும்பாலும் ஒரு துண்டுக்குள் அடங்கிவிடும்.