மகிழ்ச்சிக்கு எட்டு மாதம் மதிப்பெண் போட்டவனின் பதில்

கேள்வி: "உண்மையான மகிழ்ச்சி என்பது எது? எல்லோரும் அதன் பின்னால் ஓடுகிறோம், யாருக்கும் கிடைத்த மாதிரி தெரியவில்லையே?"

பெரிய ஞானம் எதுவும் என்னிடம் இல்லை. இதே கேள்வியை எட்டு மாதம் தினமும் எனக்கு நானே கேட்டுக்கொண்டவன், அவ்வளவுதான் என் தகுதி. ஒரு நோட்டு வாங்கி, தூங்கப் போகும் முன் அன்றைய நாளுக்குப் பத்துக்கு எத்தனை என்று ஓர் எண் எழுதுவேன். எந்த நாட்களில் மகிழ்ச்சி கூடுகிறது என்று தெரிந்தால் அந்த மாதிரி நாட்களையே பெருக்கிக்கொள்ளலாமே என்ற கணக்கு. பெரும்பாலும் ஐந்து, ஆறு. எப்போதாவது எட்டு.

இரண்டாவது மாதத்திலேயே வினை ஆரம்பித்தது. நண்பர்களோடு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருக்கும்போதே "இன்றைக்கு எட்டு போடலாமோ" என்று உள்ளே ஒரு கணக்குப்பிள்ளை வந்து உட்கார்ந்துவிடுவான். அவன் வந்தால் சிரிப்பு பாதியாகிவிடும். எனக்கு மட்டும்தான் இப்படியோ என்று நினைத்தேன், இல்லை. ஐரிஸ் மாஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், மகிழ்ச்சியின் அருமை பெருமைகளைச் சொல்லும் ஒரு கட்டுரையைச் சிலரைப் படிக்கவைத்து, பிறகு ஒரு மகிழ்ச்சியான படக்காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். கட்டுரையைப் படித்தவர்கள்தான் மற்றவர்களைவிடக் குறைவாக மகிழ்ந்தார்கள். இவ்வளவு சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று ஓர் அளவுகோலைக் கையில் எடுத்த உடனே, இருப்பது போதாமல் போய்விடுகிறது.

சரி, நான் போட்ட எண் எதைத்தான் அளந்தது? பின்னால் புரட்டிப் பார்த்தபோது ஒரு வேடிக்கை. நாள் முழுக்க நன்றாகவே போயிருக்கும், மாலையில் கூடப் படித்த ஒருவனுக்குப் பெரிய வேலை கிடைத்த செய்தி வந்திருக்கும், அன்றைக்கு எண் நான்கு. ஆக, நான் நாளுக்கு மதிப்பெண் போடவே இல்லை, என் வாழ்க்கைக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், அதுவும் அடுத்தவன் விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

இங்கேதான் நம் பேச்சுத் தமிழ் கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது. "சந்தோஷமா இருக்கியா", "நிம்மதியா இருக்கியா", "திருப்தியா இருக்கியா" மூன்றும் வேறு வேறு கேள்விகள், மூன்றுக்கும் ஒரே ஆள் மூன்று பதில் சொல்ல முடியும். (சந்தோஷம் என்ற சொல்லுக்கு வடமொழியில் மனநிறைவு என்றுதான் பொருள். நாம் அதைக் குதூகலத்துக்கு மாற்றிக்கொண்டு விட்டோம்.) மகிழ்ச்சியான நாடுகளின் பட்டியல் என்று ஆண்டுதோறும் வருகிறதே, 2018 முதல் பல ஆண்டுகள் பின்லாந்தே முதலிடத்தில் இருந்தது, அந்தப் பட்டியலுக்காகக் கேட்கப்படுவதும் திருப்திக் கேள்விதான். பூஜ்யம் முதல் பத்து வரை படிகள் உள்ள ஓர் ஏணியை மனத்தில் கற்பனை செய்துகொண்டு, உங்கள் வாழ்க்கை எந்தப் படியில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அன்றைக்குச் சிரித்தீர்களா என்பது அந்தத் தரவரிசைக் கணக்கில் வராது.

பணம் பற்றிய சண்டையும் இந்த வேறுபாட்டைப் பார்த்தால் பாதி தீர்ந்துவிடும். ஸ்வீடனில் லாட்டரியில் பெரிய தொகை வென்றவர்களைப் பற்றி 2020இல் வெளியான ஆய்வில், பல ஆண்டுகள் கழித்தும் அவர்களுடைய வாழ்க்கைத் திருப்தி கூடுதலாகவே இருந்தது, அன்றாட மகிழ்ச்சியில் தெரிந்த மாற்றமோ அதைவிட மிகச் சிறியது. எனவே "பணத்தால் மகிழ்ச்சி வராது" என்று வசதியாக உட்கார்ந்துகொண்டு சொல்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. கடன்காரன் கதவைத் தட்டாமல் இருப்பதே ஒரு நிம்மதி, அதைப் பணம் தாராளமாகத் தரும். நிம்மதியை வாங்கிவிட்டுக் குதூகலம் வரவில்லையே என்று காத்திருப்பதில்தான் ஏமாற்றம்.

அப்புறம், நோட்டில் நான் கடைசியாகக் கவனித்தது எண்களை அல்ல, காலியாக விட்டிருந்த நாட்களை. எழுத மறந்த நாட்கள் முப்பதுக்கும் மேல் இருந்தன. சிலவற்றில் காய்ச்சல், அதை விடுங்கள். மற்றவை என்ன என்று யோசித்துப் பார்த்தால், வீடு மாறிய நண்பனுக்கு இரவு வரை பெட்டி தூக்கிய நாள், அக்கா மகளின் உடைந்த சைக்கிளைப் பிரித்துப் போட்டுவிட்டுத் திரும்பப் பூட்டத் தெரியாமல் விழித்த நாள், யாரோ வந்து பேச்சு நள்ளிரவைத் தாண்டிப் போன நாள். மதிப்பெண் போட்டிருந்தால் எத்தனை போட்டிருப்பேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. பெட்டி தூக்கிய அன்று இடுப்பு பிடித்துக்கொண்டது, ஆறுக்கு மேல் தேறியிருக்காது. ஆனால் அன்றைக்கு அந்தக் கணக்குப்பிள்ளை வரவே இல்லை.

கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இருவர் 2010இல் வெளியிட்ட ஆய்வும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. கைபேசி வழியாக 2,250 பேரிடம் நினைத்த நேரத்தில் கேட்டுப் பார்த்ததில், கிட்டத்தட்ட 47 சதவீத நேரம் அவர்கள் மனம் செய்துகொண்டிருந்த காரியத்தில் இல்லை. அப்படி அலைந்த நேரங்களில் மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது.

ஒன்று மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் எதிலுமே ருசி இல்லை, எழுந்திருக்கவே பிடிக்கவில்லை என்றால் அது இந்தக் கேள்வியே அல்ல, அதற்கு மருத்துவரைப் பாருங்கள், என் பதிலை மறந்துவிடுங்கள். மற்றபடி "யாருக்குக் கிடைக்கிறது" என்று கேட்டீர்களே, என்னைப் போல நிறையப் பேருக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருக்கும் என்று நினைக்கிறேன், குறித்துவைக்கத்தான் மறந்துபோகிறது.