அடுத்தவன் காட்டுக் களை

அன்புள்ள ஆசிரியருக்கு,

மலாவி நாட்டைப் பற்றி ஓர் ஆவணப்படம் பார்த்தேன். இளைஞர்கள் சாலையோர மரத்தடியில் கும்பலாக உட்கார்ந்திருக்கிறார்கள். நிலமும் மழையும் இருந்தும் ஏன் பசி? உழைக்கத் தயங்குகிறார்களா? தொழிற்பயிற்சி கொடுத்தால் மாறாதா? நான் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன், அதனால் கேட்கிறேன்.

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

உங்கள் நல்ல மனத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 'தயங்குகிறார்களா' என்று எப்படி எழுதக் கை வந்தது? தொழிற்பயிற்சியைப் பிறகு பார்ப்போம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரியில் மலாவியின் தலைநகர் லிலோங்வேக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்குக் 'கபாஸா'வில் போனேன். சைக்கிள் டாக்ஸிதான், கேரியரில் மெத்தை தைத்திருப்பார்கள். ஓட்டிய பையனுக்கு இருபது வயதிருக்கும். முழங்கால் வரை செம்மண் காய்ந்திருந்தது. விடியற்காலையில் 'கன்யு' முடித்து வந்தானாம். அடுத்தவர் காட்டில் அன்றாடக் கூலிக்குச் செய்யும் வேலைக்கு அங்கே அதுதான் பெயர். வழியில் ஒரு சோளக்காட்டைக் காட்டினான்: மக்காச்சோளம் கரும்பச்சையாக நின்றது, அவன் களைவெட்டிய காடு. சற்றுத் தள்ளி இன்னொன்று, மஞ்சளடித்து, இடுப்புயரப் புல்லுக்குள். "அது எங்களுடையது" என்றான்.

அங்கே மழை நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, ஒரே போகம். போன அறுவடை ஜனவரி, பிப்ரவரியில் தீர்ந்துவிடும். களையெடுக்க வேண்டிய மாதங்களும் அவைதான். வீட்டில் மாவு இல்லாதவன் அடுத்தவன் களையை வெட்டி அன்றைய மாவை வாங்குகிறான். அவன் களை வளர்கிறது. விளைச்சல் குறைகிறது. அடுத்த வருடம் மாவு இன்னும் சீக்கிரம் தீர்கிறது, இன்னும் சீக்கிரம் கன்யுவுக்குப் போகிறான். விவசாயக் குடும்பம் என்கிறீர்களே, இரண்டு வாரம் களை தப்பிய காடு என்னவாகும் என்று அப்பாவிடம் கேட்டுப் பார்க்கக் கூடாதா? அவன் பட்டினி கிடப்பதே உழைப்பதால்தான் ஐயா!

அவன் தாத்தா தலைமுறைக்குத் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் இருந்தது. 1974-ல் சுரங்கத் தொழிலாளர்கள் வந்த விமானம் விழுந்து பலர் இறந்தபின் அதிபர் பண்டா ஆள் அனுப்புவதை நிறுத்தினார். பிறகு திறந்த வழியும் நிலைக்கவில்லை. அது பெரிய கதை.

சைக்கிளும் அவனுடையதல்ல, மாலையில் உரிமையாளருக்கு வாடகை கட்ட வேண்டும். என்னை இறக்கிவிட்டு, அடுத்த சவாரிக்காக ஒரு மரத்தடியில் போய் உட்கார்ந்தான். அங்கே ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

உங்கள் படத்தில் அந்தக் கும்பலுக்குப் பின்னால் சைக்கிள்கள் சாய்த்து வைத்திருந்தனவா? பார்த்து எழுதுங்கள்.